கார்க்காரர்களின் குறை கேட்கும் கோகிலவாணி

அந்தக் காரைக் கோகிலவாணி நேரில் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஜமுனாமரத்தூரில் ஒருத்தரும் பார்த்ததில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பெரிய திரை எப்படிக் கறுத்துப்போகும், கதவின் கைப்பிடி எப்போது வெளியே வராமல் அடம்பிடிக்கும், பொட்டு மழை இல்லாத நேரத்தில் வைப்பர் எதற்காகத் தானே ஆடும் என்று கேளுங்கள், இரண்டு பேரும் மூச்சுவிடாமல் சொல்வோம். கோடி ரூபாய் மின்சாரக் கார் அது. வெளிநாட்டுச் சரக்கு. அதன் மானம் முழுக்க என் கடையின் பின்பக்கத்தில்தான் கப்பலேறிக்கொண்டிருக்கிறது.

நான் சுப்பிரமணி, கீழே படவேட்டுக்காரன். மலைமேல் தாலுகா ஆபீஸ் வந்ததும் அதற்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை போட்டவன். நகல் எடுப்பது, பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, இதுதான் பிழைப்பு. கடையில் ஃபைபர் இன்டர்நெட் இருப்பதால் பின்பாதியை பிளைவுட் அடித்துத் தடுத்துக் கோகிலவாணிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஹெட்செட் மாட்டினால் காது வலிக்கிறது என்று அவள் எல்லோரையும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. நடுவில் இருப்பது பிளைவுட், கோட்டைச் சுவர் இல்லை.

அவளுடைய வேலை இதுதான். சென்னையில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம். அந்தக் கார் கம்பெனிக்காகக் காரை வாங்கியவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை போன் செய்து, 'உங்கள் காரின் சாஃப்ட்வேரை நம்ப முடிகிறதா?' என்று கேட்க வேண்டும். திரை உறைந்ததா, அப்டேட் ஒழுங்காக ஏறியதா, செல்போனைச் சாவியாக வைத்துக் கதவு திறந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு முடிக்க வேண்டும். கேள்விகளை மட்டும் கேட்டால் பத்து நிமிட வேலை. கோகிலவாணி கேட்டால் அரை நாள்.

"சாப்டீங்களாண்ணா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் விடுவாரா? ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் பாலமுருகன் என்பவர், மகள் கல்யாணத்தன்று மண்டப வாசலில் கார் திடீரென்று அப்டேட் போட ஆரம்பித்துத் தன்னைத்தானே பூட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். கூறைப்புடவை உள்ளே. மாப்பிள்ளை மேடையில். கண்ணாடிக்கு வெளியே நின்று இவர் புடவையைப் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் ஐயர் மந்திரத்தை இழுத்தாராம். இந்தப் பக்கம் நான் நகல் எடுக்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சேலத்து டாக்டர் நீலாவதி அம்மாவுக்கு வேறு பிரச்சினை. திரை கறுத்துவிட்டதால் ஏசியைக் குறைக்க வழியில்லை, அதற்குத் தனியாக ஒரு பொத்தான்கூட அந்தக் காரில் கிடையாது. சேலத்திலிருந்து சென்னை வரை சால்வையைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க ஓட்டியிருக்கிறார். இன்னொருவருக்குச் சாலையில் விழுந்த மரநிழலைப் பார்த்துக் கார் தானாக பிரேக் போட்டுவிடும். போளூர் சாலையில் புளிய மரம் இல்லாத இடம் எது?

இத்தனையும் கொட்டித் தீர்த்த பிறகு, "சரிங்க, பத்துக்கு எவ்ளோ மார்க் போடுவீங்க?" என்பாள். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, "ஒன்பது போட்டுக்கம்மா." கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூறைப்புடவையைப் பூட்டி வைத்த காருக்கு ஒன்பதா?

"அவ்ளோ காசு போட்டு வாங்கிட்டாங்க இல்லண்ணா, இன்னா பண்ணுவாங்க?" என்பாள் கோகிலவாணி. "எங்கம்மா எங்கப்பாவ காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் திட்டும். வேற யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிட்டா சண்டைக்குப் போய்டும். அந்த மாதிரிதான் இதுவும்." அதனால் மார்க்கை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அதற்கு முன்னால் அவர்கள் புலம்புவதைத்தான் ஒரு வரி விடாமல் பதிவு செய்வாள்.

இவள் எப்படி இந்த வேலைக்கு வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போனால் வரும் மலைக் கிராமம் அவளுடையது. அப்பா சின்னதம்பி சாமை விதைப்பவர், புளி உலுக்குபவர். இவள் திருவண்ணாமலையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். முடித்தாள். முடித்ததும் எல்லோரையும் போலத் திருப்பூர் பனியன் கம்பெனி. அங்கேயே வேலை செய்த பக்கத்து ஊர் மோகனைக் கட்டிக்கொண்டாள். குழந்தை பிறந்தது, பால் மறந்ததும் மகளை அப்பா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மறுபடி திருப்பூர் போனார்கள். பொங்கலுக்கு லீவு போட்டு ஓடிவந்தால், அந்தக் குழந்தை இவளைப் பார்த்துப் பயந்து தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "யாரு தாத்தா இது?" என்று கேட்டதாம். அதை என்னிடம் சொன்ன அன்று கோகிலவாணி அழவில்லை, நான்தான் பேப்பர் சிக்கிக்கொண்டது போல ஜெராக்ஸ் மெஷினுக்குள் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டிலிருந்தே பேசும் வேலை என்று தேடித் தேடி இதைப் பிடித்தாள். சம்பளம் நிலையாக வர ஆரம்பித்ததும் மோகனும் திருப்பூரை விட்டு வந்துவிட்டான். பழைய லோடு ஆட்டோ ஒன்றை வாங்கிச் சந்தை நாட்களில் மூட்டை ஏற்றுகிறான். ஆட்டோ வருமானத்தில் டீசலும் ரிப்பேரும் போக வெற்றிலை பாக்குக்கு மிஞ்சும். குடும்பம் ஓடுவது இவள் வாயால்தான். இந்த வேலை இருக்கும் வரை மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ். இது போனால் மகளை விட்டுவிட்டு மறுபடியும் திருப்பூர்.

அப்படிப்பட்ட வேலைக்குத்தான் போன தை மாதம் உலை வைத்தார்கள்.

சூப்பர்வைசர் கீதாஞ்சலி சென்னையிலிருந்து பேசினாள். நல்ல பெண், எதையும் மூடி மறைக்கத் தெரியாது. "வாணி, கம்பெனி புதுசா ஒரு வாய்ஸ் மெஷின் வாங்கியிருக்கு. அதுவே போன் பண்ணும், அதுவே பேசும், பதிலை அதுவே ஏத்திடும். ஒரு வாரம் ஓனர்ஸ்ல பாதி பேருக்கு அது பேசும், பாதி பேருக்கு நீ பேசணும். கார் கம்பெனி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும். மெஷின் போதும்னு சொல்லிட்டாங்கன்னா... ஆளுங்க பேசற லைனை மூடிடுவாங்க."

மாதிரிக்கு அந்த மெஷின் பேசிய பதிவையும் அனுப்பினாள்.  தேன் மாதிரிக் குரல், செய்தி வாசிக்கும் தமிழ், ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. அன்று மாலை கடைக்கு வந்த மோகன் அதைக் கேட்டான். வெளியே போய்த் திருப்பூரில் பழைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ரூம் ஒன்று பார்த்து வைக்கச் சொன்னான்.

போட்டி ஆரம்பமானது. போட்டி என்று நான்தான் சொல்கிறேன், கோகிலவாணி வழக்கம் போல "சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தாள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல நான் கீதாஞ்சலியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். வாரத்தின் பாதியில் இடி விழுந்தது. மெஷின் தன் பங்கு முழுவதையும் முடித்துவிட்டதாம்! இவள் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிளைவுட்டைத் தட்டினேன். "இன்னாம்மா பண்ணிகினு இருக்க? அந்தக் கோயமுத்தூராரு காரப் பத்திப் பேசறத வுட்டுட்டு மச்சினன் கதைய சொல்லிகினு இருக்காரு, நீயும் கேட்டுகினு இருக்கியே!"

"மச்சினன்தாண்ணா அந்தக் கார வாங்கச் சொன்னாராம். அத சொன்னாதான் அவருக்கு அடுத்தது வரும்."

"அதுக்குள்ள உன் வேலை போய்டும்!"

"பேசறவங்கள நடுவுல வெட்ட எனக்கு வராதுண்ணா."

கடைசி நாள். இன்னும் ஒரு கூட்டம் பேர் பாக்கி. காலையில் உட்கார்ந்து இரண்டு பேரை முடித்தாள், மூன்றாமவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் ஊமையானது. இன்டர்நெட் இல்லை. வெளியே ஓடி விசாரித்தால், மலைப்பாதையை அகலப்படுத்தும் ஜேசிபி மண்ணோடு ஃபைபர் கேபிளையும் வாரிவிட்டது. சரிசெய்ய ஆள் கீழேயிருந்து வர வேண்டும், இன்றைக்கு நடக்காது என்றார்கள். அந்த ஜேசிபிக்காரனை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கடையில் செல்போனுக்கும் சரியாக டவர் கிடைக்காது. போளூர் பாதையில் கொஞ்சம் இறங்கினால் கீழே கரும்புத் தோட்டங்கள் தெரியும் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே நன்றாகவே கிடைக்கும். மோகனின் லோடு ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் காலி புளி மூட்டைச் சாக்குகளோடு நான். அங்கே போனதும் கீதாஞ்சலியைப் பிடித்து விஷயத்தைச் சொன்னோம். அவள் மேலிடத்தில் கேட்டு, பாக்கி இருந்தவர்களின் எண்களை அனுப்பி வைத்தாள். "உன் போன்லேர்ந்தே பேசு வாணி. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும், மறந்துடாதே."

கோகிலவாணி போனை எடுத்தாள். முதல் எண்ணை அழுத்தினாள். ஒரு மணி அடித்தது. உடனே கட் செய்தாள். இரண்டாவது எண். ஒரு மணி. கட். மூன்றாவது.

நான் சாக்குகளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தேன். "இன்னா பண்ற?"

"மிஸ்டு கால் குடுக்கறேண்ணா."

 "யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

மலையில் இது ஒரு பழக்கம். பெரிய மனிதர்களை நேராகக் கூப்பிட மாட்டார்கள். ஊர்த் தலைவரானாலும் மண்டிக்காரரானாலும் ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார்கள், அவர் தனக்கு வசதியான நேரத்தில் திருப்பிக் கூப்பிடுவார். நேராகக் கூப்பிட்டு அவர் வேலையைக் கெடுப்பது மரியாதை இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் தானே டயல் செய்தவரை கோகிலவாணிக்கு இந்தச் சங்கடம் இல்லை. சொந்தப் போனைக் கையில் எடுத்ததும் வளர்ந்த வளர்ப்பு முன்னால் வந்து நின்றுவிட்டது.

"அறிவு இருக்கா உனக்கு?" என்று கத்தினேன். "அவங்க இன்னா மண்டிக்காரனா? கோடி ரூபா கார் வெச்சிருக்கறவங்க! தெரியாத நம்பர்லேர்ந்து மிஸ்டு கால் வந்தா பிளாக் பண்ணிட்டுப் போய்டுவாங்க!"

"மெசேஜும் போடறேன் இல்ல?" என்று காட்டினாள். 'வணக்கம். நான் கோகிலவாணி, கார் கேள்வி கேட்கிறவள். நேரம் இருக்கும்போது கூப்பிடுங்க. சாப்பிட்டு முடிச்சுக் கூப்பிட்டாலும் போதும்.' இதைப் படித்ததும் நான் சாக்கின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டேன். மோகன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். எல்லா எண்களுக்கும் ஒரு மணி அடித்து, மெசேஜும் அனுப்பி முடித்துவிட்டு அவள் போனை மடியில் வைத்தாள்.

போன் அடிக்கவில்லை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிப்போனது. குரங்கு ஒன்று ஆட்டோவின் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போனது. மோகன் மெதுவாகச் சொன்னான், "பரவால்ல வாணி. திருப்பூர்ல இந்தவாட்டி பாப்பாவையும் கூட்டிகினு போய்டலாம். அங்க ஏதாச்சும் ஸ்கூல் இல்லாமயா இருக்கும்?" சொல்லும்போதே அது நடக்காது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஷிப்டில் நின்றால் குழந்தையை யார் பார்ப்பது?  அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"ஏம்மா கோகிலவாணி!" ஸ்பீக்கரில் சேலத்து டாக்டரம்மாவின் குரல். "இப்பதான் ஆபரேஷன் முடிச்சுட்டு வெளிய வந்தேன். நல்ல வேளை மிஸ்டு கால் குடுத்த, நீ நேரா கூப்பிட்டிருந்தா நர்ஸ் எடுத்து 'மேடம் பிஸி'ன்னு வெச்சிருப்பா. கேளு. நேத்து என்ன ஆச்சு தெரியுமா அந்தக் காருக்கு?"

அவர் பேசி முடிப்பதற்குள் போனில் கீங் கீங் என்று அடுத்த அழைப்பு. அதை முடிப்பதற்குள் இன்னொன்று. யப்பா, அந்த மத்தியானத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்! ரிட்டயர்டு ஜட்ஜ் கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர் மச்சினன் கதையின் மிச்சத்தோடு கூப்பிட்டார். ஒருவர் அந்தக் காருக்குள் உட்கார்ந்தே கூப்பிட்டார், பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போய், "பாரும்மா, பாரும்மா, இப்பகூடப் போச்சு!" என்று ஏதோ லாட்டரி விழுந்தது போலச் சந்தோஷமாகக் கத்தினார்.

போனில் சார்ஜ் இறங்கியது. மோகன் ஆட்டோவை ஓடவிட்டு அதில் சார்ஜரைச் செருகினான். அவள் கேட்டாள், அவர்கள் கொட்டினார்கள், நான் ஜெராக்ஸ் பேப்பரில் எழுதித் தள்ளினேன். கை ஒடிந்து போயிற்று. சாரல் வந்தது, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எழுதினேன். நடுவில் மோகன் என் காதில், "அண்ணா, இவ்ளோ காசு குடுத்து இவ்ளோ தொல்லையா? என் வண்டில ஒரு குறை சொல்ல முடியுமா?" என்றான். அவன் வண்டியில் ஹாரனைத் தவிர எல்லாமே சத்தம் போடும். நான் தலையை ஆட்டிவிட்டு எழுதினேன்.

சாயங்காலம் கடைசி ஆள் முடிந்தபோது கோகிலவாணிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருவர்கூட பாக்கி இல்லை. நான் பாதையில் இறங்கி நின்று விசில் அடித்தேன். மறுநாள் கேபிள் ஒட்டப்பட்டதும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினோம்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் கீதாஞ்சலி போன் செய்தபோது அவள் குரல் சரியில்லை. கார் கம்பெனி இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. மெஷின் பேசிய பாதியில் அத்தனை பேரும் 'எல்லாம் நன்று, ஒன்பது' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு கோளாறும் இல்லை. கோகிலவாணியின் பாதியில் பக்கம் பக்கமாகக் கோளாறு. "ஒரே காரு, ஒரே சாஃப்ட்வேரு. அதனால நீ..." கீதாஞ்சலி தயங்கினாள். "நீயா கதை கட்டி எழுதிட்டியோன்னு கேக்கறாங்க வாணி. விசாரிச்சிட்டுச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க."

 கோகிலவாணி பிளைவுட் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.  "வேலை போனா போவுதுண்ணா. பொய் சொன்னேன்னு சொல்லிட்டாங்களே," என்றாள். எனக்கு அந்த மெஷினை எங்காவது கண்டால் சம்மட்டியால் அடிக்க வேண்டும் போல இருந்தது. மோகன் அன்றே துணிமணிகளை மூட்டை கட்டிவிட்டான். மகள் அந்த மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாளாம்.

அதோடு முடிந்தது என்று நாங்கள் இருந்தபோது கீதாஞ்சலி மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை அவள் மூச்சு வாங்கப் பேசினாள். நான் கதவையே திறந்துகொண்டு உள்ளே போய் நின்றேன், மோகனும் வந்துவிட்டான்.

கார் கம்பெனி இன்ஜினியர்கள் சர்வீஸ் சென்டர்களின் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கோகிலவாணி எழுதிய கோளாறு ஒவ்வொன்றும் அங்கே இருந்திருக்கிறது. அதைவிட வேடிக்கை, மெஷினிடம் 'எல்லாம் நன்று' என்றவர்களின் கார்களும் மாதக் கணக்கில் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றிருக்கின்றன. இன்ஜினியர் ஒருவருக்குத் தாங்கவில்லை. மெஷினின் பங்கில் போயிருந்த ஆரணி பாலமுருகனையே நேராகக் கூப்பிட்டு, "கல்யாணத்தன்னைக்குக் கார் பூட்டிக்கிட்டதை ஏன் சார் சொல்லல?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் சொன்ன பதிலைக் கீதாஞ்சலி அப்படியே சொன்னாள்: "ஏன் சார், மாமியாரப் பத்தின குறைய மாமியார்கிட்டயேவா போய்ச் சொல்லுவாங்க? அதுவும் சாஃப்ட்வேரு, இதுவும் சாஃப்ட்வேரு. சீக்கிரம் வெச்சா போதும்னு ஒன்பது சொல்ட்டு வெச்சிட்டேன். அந்த மலைக்காரப் பொண்ணு எங்க? சாப்டீங்களான்னு கேக்குமே, அத பேசச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

"அதனால வாணி," என்றாள் கீதாஞ்சலி, "மெஷின் பேசின அந்தப் பாதிக்கும் நீதான் மறுபடி பேசணும். ரெண்டு பாதியும் இனிமே உனக்குத்தான். எந்த நேரத்துல நீ கூப்பிடலாம்னு மட்டும் மெஷின் கேட்டு வைக்கும், அவ்வளவுதான். வருஷக் கான்ட்ராக்ட் அனுப்பறேன். முதல்ல அந்த ஆரணிக்காரரைக் கூப்பிடு, ரொம்ப நேரமா காத்திருக்காரு."

கோகிலவாணி எங்களைப் பார்த்தாள்.  உடனே ஸ்கிரீன் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆரணிக்காரரின் லைனைப் போட்டாள்.

நானும் மோகனும் முன்பக்கம் வந்தோம். மோகன் திருப்பூருக்குப் போன் போட்டான். "அண்ணா, நான்தான் மோகன். ரூம வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. நாங்க வரல. ரெண்டு பேருமே வரல." அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. "பாப்பா இங்க கீதுண்ணா," என்றான். அவ்வளவுதான். போனைக் கீழே வைத்துவிட்டு ஜெராக்ஸ் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். அவன் தோளைப் பிடித்து ஆறுதல் சொல்லப் போன நான் அவனைவிடச் சத்தமாக அழுதேன்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் குரல் வந்தது. "அழறதுனா ரெண்டு பேரும் வெளிய போய் அழுங்க. ஆரணிக்காரரு லைன்ல இருக்காரு, அங்க இன்னா சத்தம்னு கேக்கறாரு."

வெளியே போய் அழுதோம்.